அந்தியூர்ச் சந்தைக்கு வந்த ஸ்கூட்டர்

எங்கள் ஸ்டூடியோ ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல் மாடியில் இருக்கிறது. கீழே மனிதர்களுக்குப் பல் பிடுங்குவார்கள். மேலே நாங்கள் கம்ப்யூட்டரில் பொம்மைகளுக்குப் பல் வைப்போம். பெரும்பாலும் வெளிநாட்டுக் கார்ட்டூன் தொடர்கள். கதையும் பொம்மையும் அவர்களுடையவை. அந்தப் பொம்மை நடப்பதும் திரும்புவதும் கண் சிமிட்டுவதும் எங்கள் பொறுப்பு. ஒரு வருடம் முழுக்க நான் ஒரு முள்ளம்பன்றியை மாடிப்படி ஏற வைத்திருக்கிறேன். அது ஏறி எங்கே போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, அடுத்த பகுதியை வேறு ஏதோ நாட்டு ஸ்டூடியோ செய்தது.

எங்கள் முதலாளி மோட்டார் பம்ப் குடும்பத்து ஆள். பம்புக்கு விளம்பரப் படம் எடுக்கத்தான் ஸ்டூடியோவையே ஆரம்பித்தார். மரியாதைக்காரர். யாரையும் ‘ங்க’ போடாமல் அவர் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஒருவரை வேலையை விட்டு அனுப்பும்போதுகூட, “நீங்க கொஞ்ச நாளைக்கு ஊட்டுல நல்லா ரெஸ்ட் எடுங்க கண்ணு” என்றுதான் சொல்வார். கேட்டவர் சந்தோஷமாகப் படியிறங்கி, வண்டியை உதைக்கும்போதுதான் அவருக்கு விஷயம் உறைக்கும்.

இந்த மரியாதை எங்கள் எல்லோரையும் தொற்றியிருந்தது. செய்த வேலையைத் திரையில் போட்டுப் பார்த்துக் குறை சொல்வது எங்கள் தொழிலில் வழக்கம். வெளிநாட்டுக்காரன், ‘இடது கை செத்துக் கிடக்கிறது, திரும்பச் செய்’ என்று முகத்தில் அடித்தாற்போல் எழுதி அனுப்புவான். எங்களுக்குள் பார்த்தால் எல்லாமே “நல்லாருக்குதுங்க”தான். மிக மோசமாக இருந்தால் மட்டும் கொஞ்சம் இழுத்து, “நல்லாத்தான் இருக்குதுங்க” என்போம். யாராவது துணிந்து ஒரு குறையைச் சொல்லிவிட்டால் முதலாளி, “பாத்துக்கலாங்க” என்பார். அந்தக் குறை பிறகு அந்தப் படத்தோடேயே வாழும்.

வெளிநாட்டு வேலை இல்லாத மாதங்களில் எங்கள் சொந்தக் குறும்படங்களைச் செய்வோம். முதல் படத்தில் ஒரு பம்ப் தன் வரலாற்றைத் தானே சொன்னது. இரண்டாவதில் ஒரு நீர்த்துளி மேகத்திலிருந்து புறப்பட்டு, பல சோதனைகளைத் தாண்டி, கடைசியில் ஒரு பம்பை வந்தடைந்தது. இரண்டுமே உலக விருதுகளுக்கென்று எடுக்கப்பட்டவை. உலகம் வராததால் பம்ப் டீலர்கள் கூட்டத்தில் போட்டுக் காட்டினோம்.

மூன்றாவது படத்துக்கு முதலாளி எல்லோரிடமும் கதை கேட்டார். நான் சொன்னது பிடித்துவிட்டது. “அம்மணி, இந்தப் படத்துக்கு டைரக்டர் நீங்கதானுங்க. டைட்டில்ல உங்க பேரு தனியா, பெருசா வருதுங்க” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அது என் அம்மாவின் கதை. அப்பா இறந்து கொஞ்ச நாளில் அவருடைய பழைய ஸ்கூட்டரை வாங்க ஓர் ஆள் வந்தார். அம்மா சாவியை எடுத்துக்கொண்டு கீழே போனாள். நான் இரண்டாவது மாடி ஜன்னலில் நின்று பார்த்தேன். அந்த ஆளிடம் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டு, வண்டியின் ஹேண்டில்பாரைக் கட்டிக்கொண்டு அவள் அழுதாள். அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில்கூட, வந்தவர்களுக்கு நிழலில் இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். மேலே வந்து, “பெட்ரோல் இருக்குது. இனி நீயே ஓட்டு” என்று சாவியைக் கொடுத்தாள். நான் பார்த்தது அவளுக்குத் தெரியாது. அதை வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. பெரிய திரையில், என் பெயர் போட்ட படத்தில், அவள் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்த ஒரு ஆசைக்காகத்தான் எத்தனையோ முள்ளம்பன்றிகளைப் பொறுத்துக்கொண்டேன்.

அம்மாவிடம், நான் டைரக்ட் செய்யும் படம் வரப்போகிறது என்று மட்டும் சொன்னேன். அடுத்த ஞாயிறு சர்ச்சில் பூசை முடிவதற்குள் எங்கள் பங்குக்கே அது தெரிந்துவிட்டது. பாடல் குழுவில் ஒருவர், கதாநாயகன் யார் என்று என்னைக் கேட்டார்.

பொம்மையை நடிக்க வைக்கும் முன் நாங்களே ஒருமுறை நடித்துப் போனில் பிடித்துக்கொள்வோம். தோள் எப்போது குலுங்குகிறது, கை எங்கே போகிறது என்பதை அதைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். அழும் காட்சியை நானே நடித்தேன். ஸ்டூடியோவில் கிடந்த சென்னிமலைப் போர்வையைச் சுடிதாருக்கு மேல் சேலையாகச் சுற்றிக்கொண்டு, அடித்தள பார்க்கிங்கில் அப்பாவின் ஸ்கூட்டரைக் கட்டிக்கொண்டேன். பின்னால் ‘பல் நோயாளிகள் வண்டி மட்டும்’ என்ற போர்டு. நடிக்கத்தான் ஆரம்பித்தேன், ஆனால் பாதியில் நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. போனைப் பிடித்திருந்தவர் எங்கள் எடிட்டர். முடிந்ததும் வழக்கமான “நல்லாருக்குதுங்க”வைக்கூடச் சொல்லாமல் மேலே போய்விட்டார்.

பிறகு காளை வந்தது.

“ஸ்கூட்டரு எல்லா ஊர்லயும் இருக்குதுங்க அம்மணி. காளைன்னா நம்ம மண்ணுங்க. அந்தம்மா காளைய அந்தியூர்ச் சந்தையில விக்கறாப்புல வெச்சுப்போடலாங்க” என்றார் முதலாளி. எங்கள் ஊரில் காளைக்குத் தப்பி எதுவும் வாழ முடியாது. காரின் பின் கண்ணாடியில் காளை, பனியனில் காளை, பேக்கரிப் பெயர்ப்பலகையில் காளை. இவற்றையெல்லாம் ஒட்டுபவர்களில் பாதிப்பேர் நிஜக் காளை எதிரே வந்தால் காருக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொள்வார்கள். எங்கள் முதலாளி ஒன்பதாவது மாடி ஃப்ளாட்டில் பாக்கெட் பால் வாங்கிக் குடிப்பவர்.

“அந்தம்மா கையில சாவி இருக்குதுங்களே, அதுதானுங்க கதையே. காளைக்கு ஏதுங்க சாவி?” என்றேன்.

“பாத்துக்கலாங்க.”

எங்களிடம் காளைப் பொம்மை கிடையாது. புதிதாகச் செய்ய நேரமும் கிடையாது. ஏற்கெனவே செய்து வைத்திருந்த ஒரு நாயை நான்கு பக்கமும் இழுத்துப் பெரிதாக்கி, திமிலும் கொம்பும் வைத்தோம். உருவம் காளையாகிவிட்டது, குணம் மாறவில்லை. படத்தில் வரும் அந்த விதவை கிட்டே வந்தால் போதும், பின்பக்கம் முழுவதையும் ஆட்டிக்கொண்டு குழைந்தது. திரையில் போட்டுப் பார்த்தோம். நல்லாத்தான் இருக்குதுங்க என்றார்கள் எல்லோரும்.

காளையோடு நிற்கவில்லை. முதலாளியின் மகன் கனடாவில் ஏதோ குறுகிய காலப் படிப்பு முடித்துவிட்டுத் திரும்பினார். “இனி தம்பி பாத்துக்குவாருங்க. அவருதான் டைரக்சனு. உங்களுக்கு அந்த முள்ளம்பன்னி வேல மறுக்கா வந்திருக்குதுங்க அம்மணி, உங்களாட்ட யாருங்க செய்வாங்க” என்றார் முதலாளி. என் அம்மாவின் அழுகையை எடுத்து கொம்பு முளைத்த ஒரு நாயிடம் கொடுத்துவிட்டு, என் பெயரையும் பிடுங்கிக்கொண்டு, அதையும் பாராட்டு மாதிரியே சொல்கிறார். நான் என்ன செய்தேன்? “சரிங்க” என்றேன். நானும் இந்த ஊர்க்காரிதானே.

அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. அவள் அதற்குள் பட்டுச்சேலையை இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டிருந்தாள்.

அடுத்து நடந்ததைப் பிறகுதான் எடிட்டர் எனக்குச் சொன்னார். விதவை காளையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழும் ஷாட் கடைசிவரை சரியாக வரவில்லை. கட்டிப்பிடிக்கும்போதெல்லாம் சேலை காளையின் கழுத்துக்குள் புகுந்து மறுபக்கம் வந்தது. முடியாத ஷாட்டுக்குப் பதிலாக, நீளம் குறையாமலிருக்க, நடித்துப் பிடித்த வீடியோவைச் செருகி வைப்பது எங்கள் வழக்கம். அப்படி அவர் என் வீடியோவைச் செருகியிருந்தார். படத்தைக் கடைசியாக ஒருமுறை போட்டுப் பார்க்க ஸ்டூடியோவே கூடியிருந்தது, முள்ளம்பன்றியோடு மல்லுக்கட்டிய என்னைத் தவிர. அந்தியூர்ச் சந்தைக்கு நடுவில் ஒருத்தி போர்வையைச் சுற்றிக்கொண்டு ஸ்கூட்டரைக் கட்டி அழுவதை அத்தனை பேரும் பார்த்தார்கள். இது ஏதோ கனடா டெக்னிக் என்று முதலாளி நினைத்தார். இது அப்பாவின் யோசனை, எதிர்த்துப் பேசக்கூடாது என்று மகன் நினைத்தார். இவர்கள் இரண்டு பேருமே சும்மா இருக்கும்போது நமக்கென்ன என்று மற்றவர்கள் நினைத்தார்கள்.

எடிட்டர் மட்டும், “அந்த ஷாட்டு இன்னும் முடியலீங்க...” என்று ஆரம்பித்திருக்கிறார்.

“நல்லாருக்குதுங்க. அப்படியே இருக்கட்டுங்க” என்றாராம் முதலாளி.

ஒரு ஞாயிறு முற்பகல், முதலாளியின் மச்சான் நடத்தும் கல்யாண மண்டபத்தில் திரையிட்டார்கள். முந்தைய நாள் கல்யாணத்தின் தெர்மாகோல் எழுத்துகளில் பாதி இன்னும் மேடையிலேயே இருந்தன. உறவுக்காரர்கள், பம்ப் டீலர்கள், சாப்பாட்டு நேரம் பார்த்து வந்தவர்கள் என்று கூட்டம். அம்மா பூசை முடிந்ததும் பங்கிலிருந்து இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு நேரே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். முதல் டைட்டிலில் முதலாளி மகன் பெயர் தனியாக, பெரிதாக வந்தது. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

காளை வாலாட்டிக்கொண்டே சந்தைக்குப் போனது. தரகர் வந்தார். விதவை காளையை நோக்கிக் கையை நீட்டினாள். அடுத்த நொடி, சுவரளவு திரையில் நான். சென்னிமலைப் போர்வை, அப்பாவின் ஸ்கூட்டர், பல் நோயாளிகள் போர்டு. போனில் பதிவான சத்தமும் சேர்ந்து வந்தது. என் விசும்பலுக்குப் பின்னால் யாருக்கோ பல்லைக் குடையும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளலாமா என்றிருந்தது எனக்கு.

யாரும் சிரிக்கவில்லை. ஒரு நாற்காலிகூட நகரவில்லை. முதலாளியின் அக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு காளை திரும்ப வந்து, குழைந்து, விலைபோனது. கடைசியில் ஓடிய பெயர்க் கூட்டத்தில் என் பெயரும் எங்கோ ஓடியது. அப்போது அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“அந்த வண்டி சீனு நெம்ப டச்சிங்குங்க” என்று டீலர்கள் ஆளாளுக்கு வந்து முதலாளியின் கையைப் பிடித்தார்கள். அவர் கொஞ்சமும் தடுமாறவில்லை. மைக்கை வாங்கி, “காளைதானுங்க இன்னைக்கு வண்டியா மாறிப்போச்சு. அதுதானுங்க தம்பியோட கான்செப்டு” என்றார். கைத்தட்டல் அடங்க நேரமாயிற்று. மகன் எழுந்து கும்பிட்டார்.

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது வாசலில் நின்ற முதலாளி அம்மாவைக் கேட்டார், “படம் எப்படிங்கம்மா?”

அம்மா கைகூப்பினாள். “நல்லாத்தான் இருந்துச்சுங்க.”

அவர் பூரித்துப்போனார்.

கூட வந்த இரண்டு பெண்களும் ஆட்டோவில் போய்விட்டார்கள். அம்மா பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்கூட்டரில் என் பின்னால் உட்கார்ந்தாள். உச்சி வெயில். பெயரைப் பற்றிக் கேட்பாள், என்ன பதில் சொல்வது என்று நான் உள்ளுக்குள் தேடிக்கொண்டிருந்தேன்.

“அன்னைக்கு ஜன்னல்ல நின்னயா?” என்றாள்.

“ஆமாம்மா.”

சிவப்பு விளக்கில் நின்றோம். அவள் என் தோளில் வைத்திருந்த கையை எடுக்கவில்லை.

“எல்லாம் சரியாத்தான் செஞ்ச. ஆனா நான் அப்படிச் சத்தம் போட்டு அழுகுல கண்ணு. முந்தானைய வாயில வெச்சுக் கடிச்சுக்கிட்டேன். அதெ உட்டுப்போட்டயே.”

“அது மேல இருந்து தெரியலம்மா.”

“தெரியக்கூடாதுன்னுதான் கடிச்சேன். மேல நீ இருந்தயே” என்றாள்.

பச்சை விழுந்தது. பின்னாலிருந்த பஸ் ஹாரன் அடித்தது. கண்ணீர் கண்ணை மறைத்ததில் வண்டியை எடுக்க முடியவில்லை. அம்மா என் தோளைத் தட்டினாள்.

“மறுக்கா எடுக்கறப்ப அதெச் சேத்துக்கோ. காளைய வெக்காத.”