முளைக்காத பல்லுக்கு எட்டு மில்லி

என் மகளுக்கு ஏழு வயது முடிந்த சமயம், கீழ்க் கடைவாயில் ஒரு பால்பல் சொத்தையாகி, கன்னம் பணியாரமாக வீங்கிவிட்டது. போடியில் பல் டாக்டரிடம் கூட்டிப் போனேன். பிடுங்கிவிட்டார். அதோடு சோலி முடிந்தது என்று எழுந்தேன்.

"உக்காருங்கக்கா, இனி வரப்போற பல்லையும் பாத்துருவோம்" என்றார்.

"வராத பல்ல எப்படிப் பாப்பீக? சோசியமா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் சிரித்துக்கொண்டே, கீழே புதிதாக முளைத்திருந்த முன்பற்கள் நான்கையும் இரண்டு முனை வைத்த ஒரு கருவியால் அளந்தார். கூட்டினால் இருபத்து நான்கு மில்லிமீட்டர். அதில் பாதி பன்னிரண்டு. அதோடு எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான பத்தரையைச் சேர்த்தார்.

"ஒரு பக்கத்துக்கு மூணு பல்லு இன்னும் ஈறுக்குள்ள கெடக்கு. மூணுக்கும் சேத்து இருபத்திரண்டரை மில்லி எடம் வேணும். பிள்ளைக்கு இருக்கதும் அம்புட்டுத்தான், மயிரிழை மிச்சமில்ல. பக்கத்துப் பல்லு சாஞ்சு வந்தா எடம் போயிரும். ஒரு கம்பி வளையம் போட்டு எடத்தப் பிடிச்சு வைக்கணும். பதினஞ்சு நாள்ல கூட்டியாங்க."

எனக்கு அந்தக் கணக்கு உடனே பிடிபட்டது. நான் ஏலக்காய் ஸ்டோரில் காயைத் தரம் பிரித்துப் பொறுக்குகிறவள். ஒரு கை காயை அள்ளிப் பார்த்து மூடை முழுக்க எப்படி என்று சொல்வதுதான் எங்கள் ஊர்ப் பிழைப்பு. நாலு பல்லைப் பார்த்து மீதியைச் சொல்வதும் அதே சங்கதிதானே. புரிந்துவிட்டது என்று நினைத்தேனே, அதுதான் என்னைக் கெடுத்தது.

அப்போது காய் வரத்து உச்சத்தில் இருந்தது. வீட்டுக்காரர் போடிமெட்டுக்கு மேலே எஸ்டேட்டில். வாரத்துக்கு ஒருநாள்தான் ஜீப்பில் இறங்குவார். பொறுக்குகிற இடத்தில் கம்பி விஷயத்தைச் சொன்னேன்.

எதிரே இருந்த அக்கா, "விழுந்த பல்லுக்கு வேலி கட்டப் போறாளாக்கும்! பஸ்சுல துண்டு போட்டு எடம் பிடிக்கிற மாதிரி வாய்க்குள்ள பிடிக்கப் போறா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

பக்கத்தில் இருந்தவள், "கம்பி எதுக்குடி? காய் கண்ணுல பட்டதும் ஏழு மில்லியா எட்டு மில்லியான்னு சொல்றவ, ஒரு சந்தப் பாத்துக்கிற மாட்டியா?" என்றாள்.

அது எனக்கு இனித்தது. அன்று சாயங்காலமே எட்டு மில்லி சல்லடையில் நின்ற காய் ஒன்றை எடுத்துப்போய் மகளின் பல் சந்தில் வைத்தேன். அளவெடுத்துச் செய்ததுபோல் நின்றது. அதைத் துணியில் முடிந்துவைத்து, ஞாயிறுதோறும் வைத்துப் பார்த்தேன். அவள் வாயைத் திறந்தபடியே, "மணக்குதும்மா" என்பாள். எட்டு மாதமும் காய் சந்துக்குள் நின்றது. நான் டாக்டர் பக்கமே போகவில்லை.

வேறொரு பல் ஆடுகிறது என்று போனபோதுதான் அவர் மறுபடி அளந்தார். முகம் மாறியது. "ரெண்டு மில்லி போச்சேக்கா. கம்பி போடச் சொன்னேன்ல? இனி வளையம் போட்டாலும் போன எடம் திரும்பாது."

நான் முடிச்சை அவிழ்த்து, "காய் நிக்குதே டாக்டர்" என்று காட்டினேன்.

அவர் காயை வாங்கி அதையும் அளந்தார். ஆறு மில்லி. வாரம் தவறாமல் எச்சிலில் ஊறி, காய்ந்து, கடைவாயில் நசுங்கி வதங்கியிருந்தது. நாளெல்லாம் காயைப் பார்க்கிற என் கண்ணுக்கு அது தெரியவில்லை.

"எடமும் சுருங்கிருச்சு, காயும் சுருங்கிருச்சு. ரெண்டும் சேந்து சுருங்குனா உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

பதினொரு வயதில் அந்தப் பல் வந்தது. இடம் கிடைக்காமல் நாக்குப் பக்கமாக முளைத்து, சாப்பிடும்போதெல்லாம் நாக்கை அறுத்தது. கம்பி கட்டி இழுத்து இடம் உண்டாக்கலாம், இரண்டு வருஷம் மாதாமாதம் மதுரைக்கு அலையவேண்டும் என்றார்கள். அது எங்களால் ஆகவில்லை. பிடுங்கச் சொன்னோம்.

தட்டில் கிடந்த பல்லில் ஒரு சொத்தைப் புள்ளிகூட இல்லை. டாக்டர் சும்மா ஒருதரம் அதை அளந்து பார்த்துவிட்டுக் கருவியை வைத்தார். மகள் பஞ்சைக் கடித்துக்கொண்டே கேட்டாள்: "இது சொத்தையாம்மா?"

"இல்ல ஆத்தா. நல்ல பல்லு."

"அப்புறம் ஏன் பிடுங்குனாக?"

டாக்டர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "பேசக் கூடாது, அரை மணி நேரம் பஞ்சக் கடிச்சுக்கிரு" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு நடக்கிற வழியில் எல்லாவற்றையும் சொன்னேன். காய் பொறுக்குகிறவள் என்கிற மிதப்பில் உன் பல்லுக்கு இடம் இல்லாமல் பண்ணிவிட்டேன் என்றேன். வாயில் பஞ்சோடு அவள் என்னைப் பார்த்தபடியே நடந்தாள். பஞ்சை எடுத்த பிறகு ஏதாவது கேட்பாள், ஏசவாவது செய்வாள் என்று காத்திருந்தேன். சோறு மட்டும் கேட்டாள், ஆறவைத்து.