மண்டோர் வேனும் காலைப் பெரட்டும்

ப்ர்ர்ர்ரீ...

ஈப்போவில் எங்கள் தாமான் குடியிருப்பு நாய்களெல்லாம் ஒரே சுருதியில் குரைத்தால், அப்பா விசில் ஊதிவிட்டார் என்று அர்த்தம். அப்புறம் டீசல் வாசனை. அதன் மேல் பிள்ளைகளின் தலையில் வழியும் தேங்காய் எண்ணெய், யாரோ மடியில் வைத்திருக்கும் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம்... பதின்மூன்று வயதில் நான் ஃபார்ம் ஒன் படித்த வருடத்தின் வாசனை அதுதான்.

அப்பா அதுவரை கோலா கங்சார் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் மண்டோர். ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர். தோட்டத்தை வீடு கட்ட விற்றுவிட்டார்கள். ஈப்போவுக்கு வந்தோம். ஸ்கூல் வேன் ஓட்டப் போகிறேன் என்றார் அப்பா. அம்மா 'வேண்டாம்' என்றார். அப்பா காதில் முதல் பாதி மட்டும் விழுந்தது.

பழைய வேன் வந்தது... பழைய பழக்கமும் கூடவே ஏறிக்கொண்டது.

தோட்டத்தில் விடியும் முன்பே ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்கள். அதற்குப் பெரட்டு என்று பெயர். அப்பா வேன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பெரட்டு எடுத்தார்!

"ஹேமா?"

"இருக்கேன் அங்கிள்."

என் பெயர் வரும்போது நான் மட்டும், "எம்.சி. மண்டோரே! வயித்து வலி!" என்பேன். எம்.சி. என்றால் டாக்டர் கொடுக்கும் லீவுச் சீட்டு. வேனே சிரிக்கும். அப்பா கண்ணாடியில் முறைப்பார். மீசை மட்டும் லேசாக ஆடும்.

பெரட்டுக்கு லேட்டாக வந்தால் தோட்டத்தில் அன்றைக்கு வேலை கிடையாது, வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். ஒருநாள் தர்வின் என்ற பொடியன் ஒரு சப்பாத்தைக் காலிலும் இன்னொன்றைக் கையிலுமாக வீட்டு கேட்டுக்கு ஓடி வந்தான். அப்பா ஜன்னல் வழியாகச் சொன்னார்:

"பெரட்டு முடிஞ்சிருச்சு. வீட்டுக்குப் போ."

வண்டி கிளம்பிவிட்டது!

"அப்பா... அவன் செம்பனைக் குலை வெட்ட வரல. பள்ளிக்கூடம் போக வந்தான்" என்றேன். அப்பா கியரை மாற்றினார்.

சாயங்காலம் தர்வினின் அம்மா சாந்தி ஆன்ட்டி அப்பாவைப் போனில் பிடித்துக்கொண்டார். "என்னண்ணே இது? எம் பையன் என்ன ஒங்க தோட்டத்து ஆளா? காசு குடுத்து வேன்ல விட்டா வீட்டுக்கு அனுப்புறீங்க! என்னலா!"

பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டுவிட்டார். பிள்ளைகள் ஒவ்வொருவராக வேனில் வருவதை நிறுத்தினார்கள். வேனில் என் ஜோக்குக்குச் சிரிக்கக்கூட ஆள் இல்லை. அதே நேரம் பாகான் டத்தோவிலிருந்து அப்பாவின் பழைய கூட்டாளி கூப்பிட்டார். அங்கே தோட்டத்தில் மண்டோர் வேலை காலியாம், வீடும் உண்டாம்.

"பேசாம அங்கயே போலாங்க. நமக்கு இது ஒத்து வரல" என்றார் அம்மா.

அப்பா விசிலை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் சாயங்காலம் வேனைத் தர்வின் வீட்டு முன்னால் நிறுத்தினார். சண்டையை நன்றாகப் பார்க்க நான் முன் சீட்டுக்கு மாறினேன். சாந்தி ஆன்ட்டி கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"பையன் பெரட்டுக்கு வரலயேம்மா..." என்றார் அப்பா. "காய்ச்சலா?"

ஆன்ட்டிக்கு வாயில் வைத்திருந்த திட்டு அப்படியே நின்றுவிட்டது.

எனக்குப் புரிந்தது. தோட்டத்திலும் அப்பா இப்படித்தான். காலையில் வராதவர்களைச் சாயங்காலம் அவர்கள் குடியிருக்கும் லயத்துக்கே போய்ப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார்.

"காய்ச்சல் இல்ல" என்றார் ஆன்ட்டி. "கோவம்."

"கோவம் எம்மேலதானம்மா? அது இருக்கட்டும். பையன அனுப்புங்க. இனிமே சப்பாத்து போடுற வரைக்கும் நிப்பேன்."

ஆன்ட்டி சிரிக்கக் கூடாது என்று ரொம்பவும் பாடுபட்டார்... முடியவில்லை.

மறுநாள் தர்வின் வேன் படியில் உட்கார்ந்து நிதானமாக, ராஜா மாதிரி, சப்பாத்துக் கயிறு கட்டினான். அப்பா நின்றார். எனக்கே பொறுக்கவில்லை, அவர் நின்றார்.

அதே குரூப்பில் ஆன்ட்டி எழுதினார்: புள்ள வரலன்னா வீடு தேடி வந்து கேக்கிற வேன்கார அண்ணே இவரு ஒருத்தர்தான்.

போனவர்கள் திரும்பினார்கள். புதியவர்களும் வந்தார்கள். பாகான் டத்தோ கூட்டாளி மறுபடி கூப்பிட்டபோது, "வரலண்ணே... இங்க பெரட்டுல ஆளு நெறஞ்சிருச்சு" என்றார் அப்பா.

இப்போது எங்களிடம் இரண்டு வேன்கள். 'வேண்டாம்' சொன்ன அம்மாதான் இரண்டாவதை ஓட்டுகிறார். அவருக்கு விசில் தேவைப்படவில்லை... குரலே போதும்.

நான் சித்தியவான் பக்கம் காலேஜ் ஹாஸ்டலில் இருக்கிறேன். இங்கே காலையில் யாரும் பெயர் கூப்பிடுவதில்லை. தூங்கினால் தூங்கியதுதான். அன்றைக்கு இதைத்தானே சுதந்திரம் என்று நினைத்தேன்!

போன வாரம் தர்வின் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான். வேனுக்குள் பதிவு செய்தது. ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக்கொண்டே வந்த அப்பா, கடைசியில் என் பெயரையும் கூப்பிடுகிறார்.

பிள்ளைகள் எல்லாம் ஒரே குரலில்: "எம்.சி. மண்டோரே!"

அன்றைக்குச் சாயங்காலம் போன் அடித்தது. அப்பா.

"பெரட்டுக்கு வரலயே... காய்ச்சலா?"