இவர் வேலைக்குப் போன சீசன்

எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. எழுத்துப் பிழை இருக்கும். எழுதிக்கொண்டு போகும்போது சொல்ல வந்ததை மறந்தும் போவேன். பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் முதியோர் ஒன்றுகூடலில் ஆண்டு மலர் போடுகிறவர்கள், உங்களுக்குப் பிடித்த பொழுதுபோக்கைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள் என்று எல்லோரிடமும் கேட்டார்கள். மற்றவர்கள் கோயிலைப் பற்றியும் பூங்கன்றுகளைப் பற்றியும் எழுதுவார்கள். எனக்குத் தெரிந்தது பல்கலைக்கழகப் பிள்ளைகள் விளையாடும் ஃபுட்போல் ஒன்றுதான். அதை எழுத வந்தால் நான் சொன்ன பொய்யையும் எழுதவேண்டும். என் கணவர் இறந்துவிட்டார் என்பதை அந்த விளையாட்டுக்கு வருகிறவர்களிடம் ஒரு சீசன் முழுக்க நான் சொல்லவில்லை. வேலைக்குப் போயிருக்கிறார் என்றேன்.

இது காலால் உதைக்கிற உருண்டைப் பந்து இல்லை. பந்து முட்டை மாதிரி நீளமாக இருக்கும். கையில் வைத்துக்கொண்டு ஓடுவார்கள், மற்றவர்கள் விழுத்துவார்கள். இவர் அந்தப் பல்கலைக்கழகத்துச் சாப்பாட்டுக்கூடத்தில் பத்தொன்பது வருடம் வேலை செய்தார். காலையில் முட்டை பொரிக்கிறது இவருடைய பொறுப்பு. அந்தக் குழுவில் இருக்கிற பிள்ளைகள் ஆளுக்கு ஆறு முட்டை கேட்பார்களாம். "நான் பொரிச்ச முட்டை எவ்வளவு தூரம் ஓடுதெண்டு பாத்திட்டு வருவம்" என்றுதான் என்னை முதல் தரம் கூட்டிக்கொண்டு போனார். பிறகு வருடா வருடம் இரண்டு கதிரைக்கும் ஒரு கார் தரிப்பிடத்துக்கும் சீசன் ரிக்கெற் எடுத்துவிடுவார்.

எனக்கு விளையாட்டு விளங்கவில்லை என்று சொன்னால் கோபிக்கமாட்டார்.

"இஞ்சாரும், மூண்டு தரம் குடுப்பினம். அதுக்குள்ளை பத்து யார் தூரம் முன்னாலை போகோணும். போகாட்டிப் பந்தை மற்றவைக்குக் குடுத்திட்டுப் பேசாமல் வரோணும்."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான். உதுக்குத்தான் இவ்வளவு சனம் கத்துது."

போட்டி பின்னேரம் என்றாலும் நாங்கள் காலை பத்து மணிக்கே போய்விடுவோம். எல்லோரும் அப்படித்தான். காரைப் பின்பக்கமாக நிறுத்தி, டிக்கியைத் திறந்து, மடக்கு மேசை போட்டு, கரி அடுப்பு மூட்டி, குழுவின் தோடம்பழ நிறத் தொப்பி போட்டுக்கொண்டு சாப்பிடுவார்கள். டெயில்கேட் என்பார்கள். விளையாட்டை விட அதற்கென்றே வருகிறவர்களும் உண்டு. எங்களுடைய இடம் இரண்டாவது வரிசையில் கரையில். பக்கத்து இடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற ஒரு கியூபெக்காரருக்கும் அவர் மனைவிக்கும். நாங்கள் வீட்டில் அவரைப் பஸ்காரர் என்போம். அவர்கள் பாணுக்குள் சொசேஜ் வைத்துத் தருவார்கள், நாங்கள் ஆட்டிறைச்சி றோல்ஸ் கொண்டுபோவோம். றோல்ஸ் பெட்டியைத் திறந்தால் முழு வரிசையும் வந்துவிடும். இவர்தான் நின்று கொடுப்பார், கதைப்பார், பகிடி விடுவார். நான் டிக்கிக்குப் பின்னால் கதிரையில் இருப்பேன். எனக்குப் புது ஆட்களோடு கதைக்கக் கூச்சம். பிரெஞ்சும் நாலைந்து சொல்தான்.

போன வருடம் ஆடி மாதம் முடிகிற நேரம், காலையில் சப்பாத்து மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. ஆம்புலன்ஸ் வந்தது. ஒரு சப்பாத்து காலில் இருந்தது.

அதற்கு முதல் கிழமைதான் இரண்டு பேரும் இருந்து முதல் போட்டிக்கான றோல்ஸ் செய்து முடித்திருந்தோம். நான் சுருட்டுவேன், இவர் முட்டையில் தோய்த்துப் பாண் தூளில் பிரட்டுவார். பொரிக்காமல் தட்டுத் தட்டாக ஃபிரீசரில் அடுக்கியிருந்தோம்.

செத்தவீட்டில் உலை வைத்ததை முப்பத்தோராம் நாள் முடியும்வரை வெளி ஆட்கள் சாப்பிடமாட்டார்கள், துடக்கு, தீட்டு என்று. உங்களுக்குத் தெரியும். சாப்பாடு மற்ற வீடுகளிலிருந்துதான் வந்தது. யாரோ ஐஸ் எடுக்க ஃபிரீசரைத் திறந்தபோது அந்தத் தட்டுகளைக் கண்டேன். மூடச் சொன்னேன். முப்பத்தோராம் நாளில் செய்கிற அந்தியேட்டிக் கிரியையை நாள் வருவதற்குக் கொஞ்சம் முந்தியே செய்தோம், சென்ட் லோரன்டில் மண்டபம் அந்த ஞாயிறுதான் கிடைத்தது. ஐயர் பரவாயில்லை என்றார். முதல் போட்டி அடுத்த சனிக்கிழமை. கிரியை முடிந்துவிட்டது, ஆனால் முப்பத்தொரு நாள் ஆகவில்லை.

"அம்மா, ரிக்கெற்றை ஆருக்கும் குடுத்துவிடுவமே?" என்று மகள் கேட்டாள். எங்களுக்கு அவள் ஒருத்திதான்.

"றோல்ஸ் கிடக்குது, பிள்ளை."

"றோல்ஸுக்காக மட்சுக்குப் போறதே?"

"அப்பா பிரட்டினது. எறியேலாது. வாற ஆக்களுக்குக் குடுக்கவும் ஏலாது."

"அப்பா இருக்கேக்கை செய்ததுதானே. அதுக்கென்ன துடக்கு?"

"செய்தது அப்ப. பொரிக்கப்போறது இப்பவெல்லே?"

மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "உதுக்கெல்லாம் ஆரிட்டைப் போய்ச் சட்டம் கேக்கிறது?" என்றாள். ஆனாலும் சனிக்கிழமை காலையில் வந்து காரை எடுத்தாள்.

இவர் நிறுத்துகிற மாதிரியே அவளும் காரைப் பின்பக்கமாக நிறுத்தினாள். நான்தான் பெட்டியைத் திறந்தேன். பஸ்காரர் முதல் ஆளாக வந்து ஒன்றை எடுத்து வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய், "முசியே எங்கே, மதாம்?" என்று இவரைத் தேடிக் கேட்டார்.

எங்கள் ஆட்கள் என்றால் அந்தப் பதிலைக் கேட்டதும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவார்கள். போய்க் கையும் கழுவுவார்கள். நானும் அப்படித்தான் செய்வேன். அவரும் வைத்துவிடுவார், பிறகு முழு வரிசையும் வைத்துவிடும், பெட்டியோடு குப்பைக்குள் போகும் என்று அந்த ஒரு நிமிடத்துக்குள் நினைத்தேன். முன்னைய வருடங்களிலும் சில சனிக்கிழமைகளில் இவரை வேலைக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். ஓய்வு எடுத்த பிறகும் ஆள் குறைந்தால் கூப்பிடுவார்கள். அந்த நாட்களில் நான் சொல்லிப் பழகிய ஒரே சொல் நாக்கில் வந்துவிட்டது.

"த்ராவாய்" என்றேன். வேலை.

"இன்றைக்குமா? பாவம்" என்றுவிட்டு அவர் கடித்தார். முடித்துவிட்டு இன்னும் இரண்டு எடுத்தார். இவர் பிரட்டின றோல்ஸ் எல்லாம் ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிட்டது. மகள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். போட்டியில் நாங்கள் வென்றோம். சனம் எழும்பினபோது நானும் எழும்பினேன், இருந்தபோது இருந்தேன்.

திரும்பும்போது காரில் மகள் கேட்டாள்.

"ஏனம்மா அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"சாப்பிட்டுக்கொண்டு நிண்டவரெல்லே. சொன்னால் வைச்சிடுவார்."

"அவைக்கு உந்தத் துடக்கு ஒண்டும் இல்லை, அம்மா."

"ஆர் சொன்னது?"

"அம்மா! இஞ்சை செத்தவீடு முடிஞ்ச கையோடை சுத்தி நிண்டு சான்ட்விச் சாப்பிடுறவை. என்ரை வேலையிடத்து ஆக்களின்ரை செத்தவீட்டிலை நான் எத்தினைதரம் போய்ச் சாப்பிட்டிருக்கிறன்."

இந்த நாட்டில் இத்தனை வருடம் இருந்தும் எனக்கு அது தெரியாது. "அப்ப அடுத்த முறை சொல்லுறன்" என்றேன்.

சொல்லத்தான் போனேன். இரண்டாவது போட்டிக்கு நான் தனியச் செய்த றோல்ஸ். தூள் சரியாக ஒட்டவில்லை, சிலது எண்ணெய்க்குள் வெடித்துவிட்டது. பஸ்காரரின் மனைவி என்னைக் கண்டதும் வெள்ளித்தாளில் சுற்றின ஒரு பார்சலைக் கையில் வைத்தார். சொசேஜும் வதக்கின வெங்காயமும். வேலையால் வந்து முசியே சாப்பிடட்டும் என்றார். மெர்சி என்றேன். அதற்குப் பிறகு எப்படிச் சொல்கிறது? முதலில் செத்ததை மட்டும் சொல்ல இருந்தது. இப்போது பொய் சொன்னதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பார்சலைக் கொண்டுபோய் ஃபிரீசரில் வைத்தேன். மூன்றாவது போட்டிக்கும் ஒரு பார்சல், நாலாவதுக்கும் ஒன்று. நான் பன்றி சாப்பிடுவதில்லை. மகளுக்கும் மனம் வரவில்லை. எறியவும் இல்லை.

வங்கிக்குப் போனால் மரணச் சான்றிதழ் கேட்பார்கள். கடையில் கண்ட ஆட்கள் கையைப் பிடித்து அழுவார்கள். எனக்கு அழுகை வருவதில்லை, அவர்கள் முடிக்கும்வரை நிற்பேன். அந்தத் தரிப்பிடத்தில் மட்டும் ஒருவரும் என் கையைப் பிடிக்கவில்லை. அது எனக்குச் சுகமாக இருந்ததா என்று மகள் ஒருமுறை கேட்டாள். சுகமும் இல்லை, துக்கமும் இல்லை. விறைப்பூசி போட்ட பல்லு மாதிரி இருந்தது. கதிரையில் இருந்துகொண்டு மற்றவர்களுடைய அடுப்புப் புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். மைதானத்துக்குள் போனால், மூன்று தரத்தையும் விரலில் எண்ணுவேன்.

நாலாவது போட்டி முடிந்து லாசாலில் எங்கள் வீட்டுக்கு வரும்போது மகள் சொன்னாள்:

"இன்னும் எத்தினை சனிக்கு அப்பாவை வேலைக்கு அனுப்பப் போறீங்கள்? பாவம் மனிசன், ஒரு லீவுகூட இல்லை."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. இறங்கும்போது அவள் சொன்னாள், "நீங்கள் சொல்லாட்டி நான் சொல்லுவன் அம்மா. எனக்கு அவையின்ரை முகத்தைப் பாக்க ஏலாமல் கிடக்குது." நான்தான் சொல்லவேண்டும், நீ சொல்லாதே என்றேன்.

உள்ளூரில் விளையாடின நாலு போட்டியும் நாங்கள் வென்றபடியால் அரையிறுதியும் எங்கள் மைதானத்திலேயே நடந்தது. கார்த்திகை மாதம். அன்றுதான் முதல் பனி கொட்டியது. றோல்ஸ் சூடு ஆறாமல் இருக்கப் பெட்டியைத் துவாயால் சுற்றிக் கொண்டுபோனோம். பஸ்காரர் ஒன்றை எடுத்துப் பாதி கடித்துவிட்டு ஏதோ சொல்லிக் கையைத் தட்டினார். இரண்டு வரிசை ஆட்களும் எங்கள் காருக்கு முன்னால் கூடிவிட்டார்கள். மகளின் போனைக் காட்டி எடு, எடு என்றார்கள். அவள் எடுக்கத் தொடங்கினாள். பஸ்காரர் போனுக்கு முன்னால் நின்று விரலை ஆட்டி ஆட்டிப் பேசினார், எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"என்னவாம்?" என்று மகளைக் கேட்டேன்.

"அப்பாவுக்கு வீடியோவாம். 'நீ வராத மட்ச் எல்லாம் வெண்டிட்டம். நீதான் இவ்வளவு காலமும் தரித்திரம். இண்டைக்கும் தப்பித்தவறி வந்திடாதை, அங்கையே நிண்டு முட்டையைப் பொரி' எண்டு பகிடி விடுகினம்."

இவர் அதைக் கேட்டிருந்தால் இன்னும் பெரிய பகிடி ஒன்று திருப்பி விட்டிருப்பார். எல்லோரும் கை காட்டினார்கள். "அனுப்பு, இப்பவே அனுப்பு" என்றார்கள். மகள் போனைக் கீழே இறக்கினாள். அவர்களுக்காகச் சிரித்த சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது. அந்தச் சிரிப்போடேயே என்னிடம் தமிழில் கேட்டாள்:

"அம்மா, இதை ஆருக்கு அனுப்புறது?"

நான் கதிரையால் எழும்பினேன்.

"செத்துப்போனார் எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

அவள் சொல்லித் தந்தாள். "முசியே டெசெடே" என்றேன். என் குரல் அவர்களுக்குக் கேட்கவில்லை. பஸ்காரரின் மனைவி காதுத் தொப்பியைத் தூக்கிக்கொண்டு என்ன என்று கேட்டார். இரண்டாம் தரமும் சொன்னேன்.

அதற்குப் பிறகு நான் நிலத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். மிதிபட்ட பனி, ஒரு துண்டு வெங்காயம், பஸ்காரரின் சப்பாத்து. மனைவி மகளிடம் கேட்டார், மகள் நீளமாகச் சொன்னாள். ஆவணிக்கு முதலே என்று சொல்கிறாள் என்பது மட்டும் விளங்கியது. யாரோ காரில் போட்டிருந்த பாட்டை நிறுத்தினார்கள். அந்தச் சப்பாத்து கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. பிறகு அந்த அம்மா வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். நான் அவர் முடிக்கும்வரை நின்றேன்.

போட்டி தொடங்கக் கொம்பு ஊதினார்கள், எல்லோரும் மைதானத்துக்குள் போனார்கள். நாங்களும் போனோம். அன்று தோற்றுவிட்டோம். கடைசியில் மூன்று தரமும் முயன்று பத்து யார் போக முடியவில்லை, பந்தைக் கொடுத்துவிட்டு வந்தார்கள். ஏழு புள்ளியால் என்று நினைக்கிறேன்.

மகள் சொல்கிறாள், நான் சொல்லி முடித்த பிறகு பஸ்காரர் கையிலிருந்த மிச்சப் பாதியையும் சாப்பிட்டாராம், பிறகு மேசைக்கு வந்து, என்னைப் பார்த்துக்கொண்டே இன்னுமொன்று எடுத்தாராம். எனக்கு ஆறுதலுக்குச் சொல்கிறாளோ தெரியாது. அவர் அந்தப் பாதியைக் கை துடைக்கிற ரிசுத் தாளில் சுற்றிக் கோட்டுப் பைக்குள் வைத்தார் என்றுதான் எனக்கு மனதில் இருக்கிறது. நான் பார்க்கவில்லை, எப்படி அப்படி மனதில் வந்தது என்றும் தெரியவில்லை. அவர்களிடம் கேட்க எனக்குப் பிரெஞ்சும் போதாது, கூச்சமும் விடாது. மலர் போடுகிற தம்பிமாரில் யாராவது பிரெஞ்சு தெரிந்தவர்கள் அடுத்த ஆவணியில் அந்தத் தரிப்பிடத்தின் இரண்டாவது வரிசைக்குப் போய், வைத்தாரா சாப்பிட்டாரா என்று அவரையே கேட்டு, நான் எழுதியது பிழையென்றால் திருத்திப் போடுங்கள். ஏழு புள்ளிதானா என்பதையும் ஒருக்கால் பார்த்துக்கொள்ளுங்கள்.