சுணங்கக் கூடாது

எனக்கு இருபத்தொன்பது வயசுல மாசாமாசம் வர்ற தூரம் நின்னுபோச்சு. அதுவரைக்கும் ஒரு பிள்ளைகூடப் பொறக்கல. மாமியார் கையில காரணம் தயாரா இருந்துச்சு: கொழுந்தெடுத்துட்டு வந்த வேர்வையோட மலையிலருந்து குழாயில விழுற பீலித்தண்ணியில தலை முழுகுறேனாம், குளிர் உள்ள இறங்கிருச்சாம். தோட்டத்துல ஒட்டி ஒட்டி வீடா இருக்கிற எங்க லயத்துல அத்தனை பொம்பளையும் அதே பீலியிலதான் முழுகுனாங்க, வரிசையாப் பெத்துக்கிட்டும் இருந்தாங்க. இதைச் சொன்னா வாயாடின்னு பேரு.

என் புருசன் அதுக்கு மேல. அம்மா உக்காருன்னா உக்காருவாரு. என் தங்கச்சியை ரெண்டாந்தாரமாக் கட்டுன்னு சொன்னப்பவும் தலையைத்தான் ஆட்டுனாரு. அக்காவுக்குப் பிள்ளை இல்லேன்னா தங்கச்சியைக் கொண்டாந்து விடுறது எங்க ஆளுங்க வழக்கம். வெளியில பொண்ணு தேட வேணாம் பாருங்க, சோம்பேறிகளுக்கு நல்ல வசதி! தங்கச்சிக்குப் பத்தொம்பது வயசு. லுணுகலையில ஒருத்தன் பொண்ணு கேட்டிருந்தான், அவளுக்கும் அவன்மேல இஷ்டம். அவளைக் காப்பாத்தணும்னு எனக்கு வெறி.

பதுளையில ஒருதடவை காட்டிருவோம்னு மல்லுக்கு நின்னேன். காவலுக்கு மாமியாரும் வந்துச்சு. பசறை தாண்டுனதுலருந்து பஸ்ஸுல அதுக்கு ஒரே வாந்தி. ஆஸ்பத்திரியில யாழ்ப்பாணத்து டாக்டரம்மா என்னைப் பாத்தாங்க.

"சுருட்டு, புகையிலை பழக்கம் இருக்கோ? வயித்தில ஒப்பரேசன் செய்தனீங்களோ?"

ரெண்டும் இல்லீங்கன்னேன்.

"உங்கட அம்மாவுக்கு எத்தனை வயசில நிண்டது?"

முப்பத்திரண்டுல. அப்பா செத்த துக்கத்துல வத்திப்போச்சுன்னுதான் நாங்க நினைச்சிருந்தோம்.

"உங்கட சூலகம், கருமுட்டை உண்டாகிற இடம், வேளைக்கே ஓய்ஞ்சு போச்சு. சில குடும்பங்களில இது பரம்பரையா வாறது. தங்கச்சி இருந்தா அவவுக்கும் வரலாம். பிள்ளை வேணுமெண்டா அவ சுணங்கக் கூடாது."

எனக்குப் போன உசிரு திரும்பி வந்துச்சு. இனி இவங்களே தங்கச்சியை வேணாம்னு தள்ளிருவாங்கன்னு நினைச்சேன். மாமியார் மண்டையை நான் சரியா அளக்கல.

"டாக்டரே சொல்லிருச்சு, சுணங்கக் கூடாதுன்னு. இந்த மாசமே தாலி கட்டிருவோம்" என்றது திரும்பி வர்ற பஸ்ஸுல.

ஐயோ, அதே ரத்தந்தானே, அவளுக்கும் நின்னுரும்னுதானே சொன்னாங்கன்னு லயமே கேக்கக் கத்துனேன். பொறாமைன்னாங்க. எங்கம்மாகூட, ரெண்டு மகளும் ஒரே அடுப்புல இருக்கட்டும்னு சரின்னுச்சு. தாலி ஏறுனப்ப தங்கச்சி என்னைத்தான் பாத்துக்கிட்டு இருந்தா.

ஒரு பொண்ணு பொறந்துச்சு. பேரன் இல்லேன்னு கிழவி மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. தங்கச்சிக்கு இருபத்தஞ்சுல நின்னப்ப, பேரன் தங்கிட்டான்னு அதுக்குத் தலைகால் புரியல. மாங்காய் என்ன, கண்ணாடி வளையல் என்ன! மாசம் போச்சு, வயிறு வரல.

"நான் அப்பவே சொன்னேன், பீலியில தலை முழுகாதடின்னு. கேட்டாளா?" என்றது.

த்தூ. இதுக்கெல்லாம் ஒரு மூளை.

"மூணாவது பொண்ணுக்கு வேற வீடு பாருங்க மாமி. எங்க வீட்டுல இனிமே பொண்ணு இல்ல" என்றேன்.

தங்கச்சி மகளை இழுத்து மடியில வச்சுக்கிட்டா.

"இவ இருக்காளே, அக்கா. சுணங்கக் கூடாதுன்னு இவளுக்கு யாரு சொல்றது?"