மூன்று தண்ணீர் கழுவிய கருவாடு

கையெழுத்து கோணலாக இருக்கும், பிழைகளும் இருக்கும். பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் படித்தது ஐந்தாவது வரை, அதுவும் தெலுங்குப் பள்ளிக்கூடத்தில். தமிழ் எழுத்து, குவைத்தில் இருந்தபோது என் மனைவி போட்ட கடிதங்களைப் பார்த்துப் பார்த்துப் பழகியது. அவள் திருத்தணிப் பக்கம். பத்தாவது வரை படித்தவள்.

ஆந்திர எல்லையில், விஜயபுரத்துக்கு அருகே எங்கள் ஊர். வேர்க்கடலை கைகொடுக்காத வருஷங்களில் பலரும் வெளிநாடு போனார்கள். நானும் போனேன். தொழிலாளர் முகாம் சமையற்கட்டில் பாத்திரம் கழுவும் வேலை. சமையல்காரர் பிலிப்பைன்ஸ்காரர். எல்லோருக்கும் போட்டு முடித்த பிறகு கொட்டகைக்குப் பின்னால் போய் அவர் ஊர்க் கருவாட்டைப் பொரிப்பார். பூண்டு போட்டு வதக்கிய சோறு, நறுக்கிய தக்காளி, தொட்டுக்கொள்ள வினிகர்.

"ஏய், அங்க இன்னாத்த கொளுத்துறீங்க?" என்று நம் ஆட்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கத்துவார்கள். நான் மட்டும் தட்டோடு போய் உட்காருவேன். ஊர் வாசனை அது.

எங்கள் வீட்டில் கருவாட்டை அரிசி கழுவிய நீரில் ஊறவைத்து, மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவித்தான் குழம்பில் போடுவார்கள். அவர் கழுவ மாட்டார். ஆனால் ஒரு தட்டுச் சோற்றுக்குச் சின்னதாக ஒரே ஒரு மீன். இரண்டாவதுக்குக் கை நீட்டினால் தலையை ஆட்டித் தக்காளியைத் தள்ளிவைப்பார். நான் ருசியை மட்டும் ஊருக்குக் கொண்டுவந்தேன். அளவை விட்டுவிட்டேன். முதல் நாள் நான் பொரிப்பதைப் பார்த்து என் மனைவி கேட்டாள்.

"இன்னா மாமா, கழுவாமயே எண்ணெயில போடுற? வாய் பொத்துப் பூடும்."

"கழுவுனா ருசி பூடும்மே. அந்த ஊரு ஜனங்க இப்படித்தான் துன்றாங்க, நல்லாத்தான் கீறாங்க."

"அப்போ நீ அங்கியே ஒருத்திய கட்டிக்கினு இருக்க வேண்டியதுதான?"

சிரித்துக்கொண்டே தின்றாள். பிடித்துப்போனது. தினமும் காலையில் பழைய சோற்றுக்கு நாலைந்து துண்டு.

அப்புறம் அவளுக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது. புரட்டாசி வந்தால் நின்றுவிடும். அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டில் மீனும் இல்லை, கருவாடும் இல்லை. "பெருமாள் பாத்துக்கினாரு" என்பாள். ஐப்பசி பிறந்ததும் இரண்டு பங்காக வாங்குவோம். தலைசுற்றலும் திரும்பி வரும். மழைக்காலம், அதனால்தான் என்று நினைத்தோம்.

ஊருக்கு வந்த நர்ஸம்மா பிபி பார்த்துவிட்டு, உப்பைக் குறைக்கச் சொன்னார். "ஊறுகா, அப்பளம் துன்றியாம்மா?"

"அதெல்லாம் எப்பவோ உட்டுட்டேம்மா. கொழம்புலகூட உப்பு கம்மிதான்."

பொய் இல்லை. எங்களுக்குக் கருவாடு என்றால் மீன். உப்பில் சேர்த்தி இல்லை. ஆனாலும் கருவாட்டைப் பற்றிக் கேட்கலாமா என்று எனக்கு நாக்கு வரை வந்தது. சுற்றிலும் பெண்கள். வெட்கப்பட்டுக்கொண்டு பின்னால் போய் நின்றேன்.

அடுத்த தை மாதம் ஒரு காலையில் அவள் கையிலிருந்து சொம்பு விழுந்தது. வலது பக்கம் முழுக்க இழுத்துக்கொண்டது. திருப்பதி ஆஸ்பத்திரியில் டாக்டர் தினமும் என்ன சாப்பாடு என்று கேட்டார். அப்போதுதான் சொன்னேன். அவர் திட்டவில்லை. "மீன் நல்லதுதான், சத்து இருக்கு. ஆனா அந்த உப்பை அப்படியே தின்னா பிபி எப்படி இறங்கும்?" என்றார்.

அவள் அப்போது உள்ளே படுத்திருந்தாள். அவளுக்கு இது தெரியாது. அதற்கு முந்தின புரட்டாசியில் திருப்பதி மலைக்கு நடந்து வருகிறேன் என்று வேண்டிக்கொண்டு போகாமல் விட்டாளாம். அதனால்தான் சாமி கையைப் பிடுங்கிக்கொண்டார் என்று நினைத்து அழுகிறாள். எத்தனை முறை சொல்வதற்காகப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தலையணையைச் சரிசெய்துவிட்டு எழுந்துவிடுவேன்.

நேற்றோடு புரட்டாசி முடிந்தது, இன்று பக்கத்து வீடுகளில் கருவாடு மணக்கிறது. நானும் ஒரே ஒரு துண்டை மூன்று தண்ணீர் கழுவி, கத்திரிக்காயோடு குழம்பு வைத்து ஊட்டினேன். "சப்புனு கீது மாமா" என்றாள். சாப்பிட்டாள்.

அவளால் இனி எழுத முடியாது. படிக்க முடியும். தப்பு அவளுடையது இல்லை, சாமியுடையதும் இல்லை. அவள் தூங்கி எழுந்ததும் இந்தத் தாளை இடது கையில் கொடுத்துவிட்டு வெளியே போய் நிற்பேன்.

ஐப்பசி முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை.