கோட்டையின் முதுகு

பூங்காவில் அவருக்கு டச்சப் என்று பெயர். டிக்கெட் கிழிக்கிற பெண்ணிலிருந்து ராட்டினம் ஓட்டுகிறவர் வரை எல்லோருக்கும் அவர் டச்சப் அண்ணன்தான். சொந்தப் பெயர் சம்பளம் போடுகிறவர்களுக்கு மட்டும் தெரியும். சம்பளம் தள்ளிப்போகிற மாதங்களில் அவர்களும் அதை மறந்துவிடுவார்கள். கையில் ஒரு டப்பா, இடுப்பில் பிரஷ், தோளில் ஏணி. எங்கே சாயம் உதிர்ந்திருக்கிறதோ அங்கே போய்ப் பூச வேண்டும், அவ்வளவுதான் வேலை. கேட்பதற்கு என்னவோ சுலபமாகத்தான் இருக்கிறது. பூங்கா முழுக்க உதிர்ந்து கொட்டும்போது ஒரு ஆள் பூசிப் பார்த்தால்தான் தெரியும்.

அவர் சேர்ந்த புதிதில் பெயிண்டர்களே ஒரு வேன் நிறைய இருந்தார்கள். மழை விட்டதும் பூங்காவைச் சில நாள் மூடிப் போடுவார்கள். பழைய பூச்சைச் சுரண்டி, துருவைத் தேய்த்து, அடிப்பூச்சு கொடுத்து, காயவிட்டு, அதற்கப்புறம்தான் நிறம். இப்போது மூடுகிற பேச்சே இல்லை. மூடினால் அன்றைய வசூல் என்னாவது? வேன் போயிற்று, ஆட்கள் போனார்கள், சுரண்டுகிற வேலையும் போயிற்று. துருவின் மேலேயே நிறத்தை அப்ப வேண்டியதுதான்.

சூப்பர்வைசர் தினமும் காலையில், கதவு திறப்பதற்கு முன், வருகிறவர்கள் நடக்கும் பாதையிலேயே போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பார். படத்தில் அசிங்கமாகத் தெரிகிறவற்றை மட்டும் கை நீட்டிக் காட்டுவார்.

"படத்துல விழுதா? பூசுங்க. விழலையா? விட்டுடுங்க. வெளிய தெரியாதுல்ல?"

முதலில் டச்சப்புக்கு வயிறு எரிந்தது. ஒன்றிரண்டு முறை வாயைத் திறந்தும் பார்த்தார். "உங்க வீட்டுப் பெயிண்டா அண்ணே?" என்று கேட்டு சூப்பர்வைசர் சிரித்துவிட்டுப் போனார். அப்புறம் பழகிவிட்டது. பாழாய்ப்போன இந்தப் பழக்கம் இருக்கிறதே, அது எதையும் விட்டுவைக்காது. தினமும் பார்க்கிற ஓட்டை கொஞ்ச நாளில் ஓட்டையாகவே தெரியாமல் போய்விடும்.

வருகிறவர்களையும் குறை சொல்ல முடியாது. டிக்கெட் விலை வருஷா வருஷம் ஏறுகிறது. விளம்பரத்தில் வருகிற படத்தைப் போனில் வைத்துக்கொண்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு வருகிறார்கள். ஒருமுறை ஒருவர் போனை டச்சப்பின் மூக்குக்கு நேரே நீட்டினார். படத்தில் பூங்காக் கோட்டையின் வாசலில் நிற்கும் பொம்மை டிராகன் புகை கக்கிக்கொண்டிருந்தது.

"இங்க ஏன் புகை வரல?"

"இன்னைக்கு அதுக்கு லீவு சார்."

"டிராகனுக்கு லீவா? உனக்கு என்னைப் பாத்தா எப்படித் தெரியுது?"

டச்சப் மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பும் அவர் டப்பாவில் இருக்கிற ஒரு சாயம்தான். எந்த இடத்துக்கும் பூசலாம்.

அவர் மனைவி தையல்காரி. வீட்டின் முன்னறையில் மிஷின், கொடியில் வரிசையாகத் தொங்கும் சட்டைகள், கவுன்கள். அவளுக்கு ஒரு குணம் உண்டு. எந்தத் துணியைக் கையில் எடுத்தாலும் முதலில் உள்பக்கம் திருப்புவாள். கடையில் தொங்குகிற துணியாக இருக்கட்டும், சொந்தக்காரர் உடுத்தியிருக்கிற துணியாக இருக்கட்டும், ஓரத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்க்காமல் விடமாட்டாள். கேட்டால், "வெளித்தையலை யாரு வேணா நேரா போட்டுடலாம். உள்ள பாத்தாத்தான் ஆளு யாருன்னு தெரியும்" என்பாள். தைத்து முடித்த உடுப்பின் உள்ளே ஒரு தையல் கோணிவிட்டாலும் பிரித்துவிடுவாள். எடுக்க வந்த பெண், "பரவாயில்ல அக்கா, வெளிய தெரியாது" என்று கெஞ்சினாலும் கொடுக்கமாட்டாள். அந்த ஒரு வார்த்தை அவளுக்கு ஆகவே ஆகாது.

இதற்கிடையில் டச்சப் ஏணியிலிருந்து விழுந்தார். பெரிய அடி இல்லை, கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியதோடு போயிற்று. மனைவி ஒத்தடம் கொடுத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏணி பழசா, நீங்க பழசா?"

"ரெண்டும்தான்."

"தம்பி கடையில ஆள் வேணுமாம். ஃபேனுக்குக் கீழ உக்காந்து ஆணியும் பிரஷும் எடுத்துக் குடுக்கணும். காலாவது தரையில இருக்கும்."

அவள் தம்பி ஹார்டுவேர் கடை வைத்திருப்பவன். நல்லவன்தான், வாய்தான் கொஞ்சம் நீளம். டச்சப் பூங்காவில் சேர்ந்த நாளிலிருந்து, "என்ன மாமா, கோட்டையெல்லாம் எப்படி இருக்கு? ராஜா சௌக்கியமா?" என்று கிண்டலடிப்பவன். அவன் கடையில் போய் ஸ்டூல் போட்டு உட்கார்வதை நினைத்தாலே டச்சப்புக்குக் காது சூடேறியது. அது மட்டுமில்லை. இத்தனை வருஷம் என்ன கிழித்தாய் என்று யாராவது கேட்டால், கை நீட்டிக் காட்டுவதற்கு அவரிடம் அந்தக் கோட்டை ஒன்றுதான் இருந்தது.

"நீ ஒரு தடவை வந்து பாரு. பாத்துட்டு அப்புறம் சொல்லு" என்றார்.

கல்யாணமானதிலிருந்து அவள் பூங்காவுக்குள் காலடி வைத்ததில்லை. ஊருக்கு விடுமுறை என்றால் அவருக்கு வேலையில் இடுப்பு முறியும், அவளுக்கும் தையல் குவியும். அதனால் அந்தப் பேச்சே எழுந்ததில்லை. அவள் வீங்கின காலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, வரேன். நல்லா இருந்தா இருந்துக்கங்க, நான் வாயே திறக்கமாட்டேன். இல்லன்னா தம்பி கடைதான். அப்புறம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

வீக்கம் வடிந்ததும் டச்சப் கோட்டைமேல் ஏறினார். கோபுரங்களுக்கு நீலம், ஜன்னல்களுக்குப் பொன்நிறம், வாசல் வளைவுக்குச் செங்கல் சிவப்பு. சூப்பர்வைசர் அண்ணாந்து பார்த்து, "என்ன அண்ணே, கோட்டைக்குப் பொண்ணு பாக்க வராங்களா?" என்றார். டச்சப் மெக்கானிக்கிடம் போய், டிராகனுக்கு ஒரே ஒரு நாள் புகை வரவைக்க முடியுமா என்று கேட்டார்.

"பம்ப் போய் எவ்ளோ நாளாச்சு. புகை வராது அண்ணே, இருமல் வேணா வரும்."

"இருமலாவது வரட்டும்டா. வீட்டுக்காரம்மா வரா."

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். எங்கிருந்தோ ஒரு பழைய பம்பைக் கொண்டுவந்து மாட்டினார்.

அவள் வந்த அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. டிக்கெட் வரிசை சாலை வரைக்கும் வளைந்து கிடந்தது. குழந்தைகள் அழுகின்றன, தகப்பன்கள் காவலாளியோடு சண்டைக்கு நிற்கிறார்கள். அவளோ இருக்கிறதிலேயே நல்ல சேலையை உடுத்திக்கொண்டு, வியர்வையைத் துடைத்தபடி வரிசையின் கடைசியில் போய் நின்றாள். இதைப் பார்த்ததும் டச்சப்புக்குப் பெருமை பொங்கிவிட்டது. பூங்காவில் இத்தனை வருஷம் உழைத்தவனின் மனைவி வரிசையில் நிற்பதா?

"வா, வா. நமக்கென்ன வரிசை? நம்ம ஆளுங்களுக்குன்னு தனி கேட் இருக்கு."

பக்கத்துச் சந்து வழியாக ஊழியர் கதவுக்குக் கூட்டிப்போனார். தினமும் காலையும் மாலையும் அவர் நடக்கிற வழி. காவலாளி அண்ணிக்கு வணக்கம் வைத்தார். டச்சப் முன்னால் நடந்தபடியே பேசிக்கொண்டு போனார். கோட்டைக்கு நீலம் எப்படிக் கலந்தார், பொன்நிறம் வெயிலில் எப்படி ஜொலிக்கும், டிராகன் எப்படிப் புகைவிடும் என்று வாய் ஓயவில்லை. கொஞ்ச தூரம் போனபின்தான் பின்னால் செருப்புச் சத்தம் கேட்கவில்லை என்று உறைத்தது.

அவள் கோட்டைக்குப் பின்னால் நின்றுவிட்டிருந்தாள்.

அடப்பாவி மனுஷா! எந்த வழியாகக் கூட்டி வந்திருக்கிறோம் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. படத்தில் விழாத அத்தனையும் அங்கே வரிசையாக நின்றது. மழையில் ஊறி உப்பிய பலகைகள். பொருக்குப் பொருக்காகத் துரு உரியும் இரும்புச் சட்டம். ஒரு பெரிய ஓட்டையை மறைக்க ஆணியடித்த பழைய விளம்பரத் துணி, அதில் பல் தெரியச் சிரிக்கும் ஒரு குழந்தை. டிராகனின் வயிறு திறந்து கிடந்தது, உள்ளே கயிற்றால் கட்டிய பம்ப், அதன் கீழே ஒரு வாளி. அவர் ஆசை ஆசையாகப் பூசிய நீலம் விரிசல்கள் வழியாக இந்தப் பக்கம் ஒழுகிக் காய்ந்திருந்தது.

அவள் ஒரு பலகையின் ஓரத்தைப் பிடித்தாள். துணியின் ஓரத்தைப் பிடிக்கிற அதே பிடி. பலகை விரலோடு பிய்ந்து வந்தது.

"இதுமேல ஆளுங்க ஏறுவாங்களா?"

"முன்னாடி படிக்கட்டு இருக்கு. குழந்தைங்க மேல போய் நின்னு போட்டோ எடுத்துப்பாங்க."

"இந்தச் சட்டம் தாங்குமா?"

"இதுவரைக்கும் தாங்குது."

பிய்ந்த துண்டை அவள் கீழே போடவில்லை. பலகை எங்கே பிய்ந்ததோ அங்கேயே பதமாகச் செருகி வைத்தாள். "வாங்க, முன்பக்கம் போவோம்" என்றாள்.

முன்பக்கத்துக்கு என்ன குறை? கோபுரம் நீலமாக நின்றது, ஜன்னல்கள் பளபளத்தன. டிராகன் இரண்டு தடவை இருமிவிட்டு நிஜமாகவே புகை விட்டது. குழந்தைகள் கத்திக் கும்மாளமிட்டன. ஒருவர் தன் மகளைத் தூக்கி மேல்மாடத்துச் சுவர்மேல் உட்கார வைத்து, கீழே நின்ற மனைவியைப் படமெடுக்கச் சொன்னார். டச்சப் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவள் கோபுரத்தைப் பார்க்கவே இல்லை. அந்தக் குழந்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், அது இறக்கிவிடப்படுகிற வரைக்கும்.

அதற்குள் அவருடைய சீருடையைப் பார்த்து ஒரு பெண் வந்துவிட்டாள். கையில் ஒரு பிள்ளை, சேலை நுனியைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று.

"படகு ஓடலங்குறாங்க, சின்ன ரயில் ஓடலங்குறாங்க. எல்லாத்துக்கும் சேத்துத்தானே காசு வாங்குனீங்க? இதுங்க ஒரு மாசமா நாள் எண்ணிட்டு வந்திருக்குங்க."

"மன்னிச்சிடுங்க மேடம். நாளைக்குச் சரியாயிடும்" என்றார் டச்சப், எப்போதும் போல. அந்தப் பெண் அலுத்துக்கொண்டு நகர்ந்தாள்.

"நாளைக்குச் சரியாயிடுமா?" என்று மனைவி கேட்டாள்.

"ஆகாது."

"பின்ன ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"சொன்னா போயிடுவாங்க."

இரண்டு சுற்றுச் சுற்றினார்கள், நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்கள். கிளம்பும்போது அவளே பெரிய வாசல் பக்கமாகத் திரும்பி நடந்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். டச்சப் அவள் வாயிலிருந்து ஒரு சொல் விழாதா என்று காத்திருந்தார். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவள் சேலையை மாற்றிக்கொண்டு மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். காலையில் தைத்து முடித்திருந்த ஒரு கவுனை உள்பக்கம் திருப்பினாள். எங்கேயோ ஒரு தையல் பிடிக்கவில்லை போலிருக்கிறது, சின்னக் கத்தரியை எடுத்துப் பிரிக்க ஆரம்பித்தாள். அப்போது போன் அடித்தது, அவள் தம்பி. தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு பேசினாள். அடுப்படியில் டீக்குத் தண்ணீர் வைத்திருந்த டச்சப்புக்கு எல்லாம் கேட்டது.

"ஆமாடா, போயிட்டு வந்துட்டேன்... ச்சே, யாரு சொன்னா? பிரமாதமா வச்சிருக்காங்க. கோட்டை சும்மா தகதகன்னு இருக்கு. உங்க மாமா கைதான் எல்லாம். நானே அசந்துட்டேன், போயேன்... ஏணியெல்லாம் கெட்டியாத்தான் இருக்கு. அவரு அங்கயே இருக்கட்டும்டா. நீ வேற ஆளப் பாத்துக்க."

அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. வேலை நிலைத்தது, மைத்துனன் வாயும் அடைபட்டது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் முடியவில்லை. கோணின தையல் ஒன்றைக்கூட வெளியே விடாதவள் அவருக்காகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தாள். அவருக்கு முன்பக்கம் பூசிக்கொண்டிருந்தாள். அவ்வளவு பரிதாபமாகவா தெரிந்திருக்கிறோம் என்று நினைத்தபோது வெட்கம் பிடுங்கித் தின்றது. மேல்மாடத்துச் சுவர்மேல் உட்கார்ந்திருந்த அந்தப் பெண் குழந்தையும் கண்ணுக்குள் வந்து நின்றது.

அடுப்பை அணைத்துவிட்டு முன்னறைக்கு வந்தார். கையை நீட்டினார்.

"போனைக் குடு."

"எதுக்கு? அதான் சொல்லிட்டேன்ல?"

"குடு சொல்றேன்."

கொடுத்தாள். அவர் நகத்து இடுக்கில் நீலம் இன்னும் போகாமல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"மாப்ள, நான்தான். உங்க அக்கா சொன்னதெல்லாம் பொய். முன்பக்கம் மட்டும்தான் நல்லாருக்கு. பின்னாடி எல்லாம் செத்துப்போச்சு, அதுமேலதான் நான் பூசிட்டிருக்கேன்."

மைத்துனன் கிண்டலாக ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்தார். கிண்டல் எதுவும் வரவில்லை.

"நாளைக்குக் காலையில மேனேஜரைப் பாத்து, மேல யாரையும் ஏத்தாதீங்கன்னு சொல்லணும். கேக்கப் போறதில்ல, இருந்தாலும் சொல்லணும். சொல்லிட்டு வந்துடறேன். நீ கடையை எத்தனை மணிக்குத் திறப்ப?"

அவள் நிமிர்ந்து அவரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு குனிந்து, பாதியில் விட்ட தையலைப் பிரிக்கத் தொடங்கினாள்.