செய்முறைக்கும் மதிப்பெண்

காலை பத்து இருபதுக்கு முதல் சம்மட்டி விழுந்தது. நேரத்தில் எனக்குச் சந்தேகமில்லை. இரண்டாம் பிரிவேளை தொடங்கிப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. ஏழாம் வகுப்புக் கரும்பலகையில் பின்னக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் பள்ளிக்கூடம் கடைத்தெருவின் மேலக் கோடியில் இருக்கிறது. தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டுகிறார்கள் என்று நினைத்துக் கணக்கைத் தொடர்ந்தேன்.

சற்று நேரத்தில் என் கணவர் சைக்கிளில் வந்து வகுப்பு வாசலில் நின்றார். கடைத்தெருவில் அவருக்குப் பாத்திரக்கடை. வியாபார நேரத்தில் கடையை விட்டு வருகிற ஆள் இல்லை.

"கடைப் படிய எல்லாம் இடிக்காங்க. பேரூராட்சி ஆபீசர் கையில உன் எழுத்துல ஒரு தாள் இருக்கு. வந்து பாரு" என்றார்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தை வயல் ஓரமாக, ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்தார்கள். அதுவரை அம்பாசமுத்திரம் போகிற பேருந்தெல்லாம் கடைத்தெருவுக்குள் நுழைந்துதான் போகும். பாபநாசத்துக்குக் குளிக்கப் போகிறவர்கள் இங்கே இறங்கி டீ குடிப்பார்கள், துண்டு வாங்குவார்கள், பூ வாங்குவார்கள். நிலையம் போன பிறகு தெருவுக்குள் வர யாருக்கும் காரணம் இல்லாமல் போயிற்று. மத்தியானம் கடைக்காரர்கள் ஒருவர் கடையில் ஒருவர் போய் உட்கார்ந்திருப்பார்கள்.

என் மகள் அப்போது மதுரையில் கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்தாள். கோடை விடுமுறைக்கு வந்தவள் தெருவைப் பார்த்துவிட்டு, "பஸ் வராட்டாப் போகட்டும்மா. ஆளுங்க நடக்க ஒரு தெரு வேண்டாமா?" என்றாள். இரண்டு பக்கமும் நிழல் மரம், உட்காரக் கல் பெஞ்சு, சரக்கு வண்டிகளுக்குக் காலையில் மட்டும் அனுமதி, பழைய பேருந்து நிலைய இடத்தில் சாயங்காலச் சந்தை என்று ஒரு படம் வரைந்தாள். வரைவதற்கு முன் நான்கு நாள் தெருவை அளந்தாள். டேப்பின் மறுமுனையை டீக்கடை அண்ணாச்சி பிடித்துக்கொண்டார்.

"என்ன பிள்ளே, தெருவ வெலைக்கு வாங்கப் போறியா?"

"ஆமா மாமா. உங்க கடைய மட்டும் விட்டுட்டு."

"ஏன், என் டீ அவ்வளவு மோசமாவா இருக்கு?"

ஒவ்வொரு கடையிலும் அவளிடம் உண்மையைச் சொன்னார்கள். "இந்த மூணடி எனக்குள்ளது இல்ல பிள்ளே. எங்கப்பா சாக்கடைக்கு மேல கல்லப் போட்டு இழுத்துக்கிட்டது" என்று அண்ணாச்சியே படியைக் காலால் தட்டிக் காட்டினார். வேறு யார் கையில் டேப் இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார். அந்தப் படியில்தான் அவருடைய பெஞ்சும் பாய்லரும் இருந்தன. ஒவ்வொருவரிடமும் பேசி, அவர்களாகச் சம்மதித்தால் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளிக்கொள்ளலாம் என்பது அவள் எண்ணம்.

கல்லூரி திறந்து கிளம்பும்போது, "வியாபாரிகள் கூட்டத்துல படத்த மட்டும் காட்டும்மா. அளவு நம்மகிட்டயே இருக்கட்டும்" என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. செய்முறை காட்டாத கணக்குக்கு நான் ஒருநாளும் முழு மதிப்பெண் போட்டதில்லை. அளவு இல்லாமல் கொடுத்தால் சின்னப்பெண் வரைந்த படம் என்று மடித்து வைத்துவிடுவார்கள் என்று பயந்தேன். நாற்பத்தொரு கடைகளின் எண், எதிரே படி வெளியே நீண்டிருக்கும் அடி, அங்குலம் என்று கோடு போட்ட தாளில் அழகாக எழுதினேன். கூட்டத்துக்கு வந்திருந்த பேரூராட்சி அதிகாரியிடம் படம், தாள் இரண்டையும் என் கையாலேயே கொடுத்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது.

அன்று நான் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தபோது எட்டுக் கடைகளின் படிகள் இடிந்திருந்தன. அலுவலகப் பலகையில் முன்பே நோட்டீஸ் ஒட்டியிருந்தார்களாம். அதை யார் பார்த்தார்கள்?

"சார், இது ஒரு யோசனைக்காகக் கொடுத்தது" என்று அதிகாரியிடம் சொன்னேன்.

"அளவெல்லாம் சரிதானே டீச்சர்?"

சுற்றிலும் கடைக்காரர்கள் நின்றிருந்தார்கள். தப்பு என்று சொல்லியிருக்கலாம். ஒரு நாளாவது வேலை நின்றிருக்கும். "சரிதான்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

"அப்ப மரம்?"

"மரத்துக்கெல்லாம் தனியா நிதி வரணும் டீச்சர். இப்ப ஆக்கிரமிப்பு எடுக்கத்தான் உத்தரவு."

எங்கள் கடை மற்றவற்றுக்குப் பிறகு கட்டியது. அதில் படி வெளியே நீளவில்லை. தாளில் அந்த இடத்தில் பூஜ்யம் போட்டிருந்தேன். கடப்பாரைக்காரர்கள் அதைத் தாண்டிப் போனபோது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது: "டீச்சரம்மா கடைக்கு மட்டும் கணக்கு பொருந்தி வந்துட்டு, பாத்தியளா வே!" யாரும் சிரிக்கவில்லை.

அன்று மாலை ஐந்தரைப் பேருந்தில் மகள் வருகிறாள் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பையைத் தோளில் போட்டுக்கொண்டு, கடை கடையாக நின்று பேசிக்கொண்டுதான் எப்போதும் வீட்டுக்கு வருவாள். எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி விடுதிக்குப் போன் செய்தேன். கிளம்பிப் போய்விட்டாள் என்றார்கள்.

நிலையத்துக்குப் போய் அழைத்துவரலாம் என்று ஐந்து மணிக்குப் புறப்பட்டேன். உடைந்த கற்களைச் சாக்கடைக்குள்ளேயே தள்ளிவிட்டிருந்தார்கள். வளையல் கடைக்கார அம்மா தரையில் கொட்டிக்கிடந்த கண்ணாடித் துண்டுகளைக் கூட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய இரண்டு பிள்ளைகளும் என்னிடம் படித்தவர்கள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்து கூட்டத் தொடங்கினாள். நான் நிலையம்வரை போகாமல் திரும்பி வந்து வீட்டு வாசலில் உட்கார்ந்தேன். என் கணவர் கடையைச் சாத்திவிட்டு வந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

ஆறு மணி ஆனது. ஆறேகாலும் ஆனது. அவளை யார் நிறுத்தியிருப்பார்கள், என்ன கேட்டிருப்பார்கள் என்று ஒவ்வொரு கடையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆறரைக்குத் தெருப்பக்கமிருந்து இல்லாமல், பின்னால் வாய்க்கால் பக்கமிருந்து சைக்கிள் மணி கேட்டது. டீக்கடை அண்ணாச்சி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கேரியரில் என் மகளின் பை. அவள் பக்கத்தில் சிரித்துப் பேசிக்கொண்டே நடந்து வந்தாள். என்னைப் பார்த்துக் கையசைத்துவிட்டு, தாகம் என்று உள்ளே ஓடினாள்.

அண்ணாச்சி பையை இறக்கி வைத்தார். அவர் கையெல்லாம் சுண்ணாம்புத் தூசி.

"மூணடி ரெண்டங்குலம்னு எழுதியிருந்திய. அதுவும் சரிதான் டீச்சரம்மா" என்றார். பிறகு வீட்டுக்குள் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டார். "பிள்ளகிட்ட நான் ஒண்ணும் சொல்லல. பஸ் ஸ்டாண்டுக்கே போயி, கொழாய்க்குத் தோண்டிப் போட்டிருக்காங்கன்னு சொல்லி வாய்க்காக் கரை வழியாக் கூட்டியாந்துட்டேன். காலையில டீ குடிக்க வாரேன்னு சொல்லியிருக்கா. அதுக்கு முன்ன நீங்க சொல்லிருங்க."